கக்குவான் இருமல்: பதின்ம வயதினருக்கான ஊக்க ஊசி

மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்கு கக்குவான் இருமல் தடுப்பூசி நான்கு முறை போடப்படுகிறது: 2, 3, 5ஆம் மாதங்களில் மூன்று, 18ஆம் மாதத்தில் ஒன்று. 2020 நவம்பரிலிருந்து இவை ஆறு நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியாக வருகின்றன. தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான், போலியோ, ஹிப் கிருமி, ஹெப்பாடைட்டிஸ் பி ஆகியவை அந்த ஆறு. பதினெட்டாம் மாத ஊசியோடு தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் கக்குவானின் பங்கு முடிந்துவிடுகிறது. பள்ளியில் முதலாம் ஆண்டில் போடும் ஊசி தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸுக்கும் ஆனது. மூன்றாம் படிவத்தில், 15 வயதில், போடுவது டெட்டனஸுக்கு ஆனது. இந்த இரண்டிலும் கக்குவான் மருந்து கிடையாது.

பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. பள்ளியிலிருந்து வரும் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்திட்டு அனுப்பியதும், பிள்ளைக்குப் போட வேண்டியதெல்லாம் போட்டாயிற்று என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த ஊசி தேவையானதுதான், தவறவிடக் கூடாததுதான். ஆனால் 14 வயதுப் பிள்ளைக்குக் கக்குவானுக்கு எதிராக இருப்பது ஒன்றரை வயதில் போட்ட ஊசியின் மிச்சம் மட்டுமே. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மிச்சத்தை நம்பியிருக்க முடியாது.

மற்ற நாடுகள் இதைப் பலவிதமாகக் கையாள்கின்றன. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பிலேயே கக்குவான் மருந்து சேர்ந்த ஊக்க ஊசி போடப்படுகிறது. அமெரிக்கா 2005இல் 11, 12 வயதினருக்கு இதைப் பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியா 4 வயதில் ஒரு முறையும், இடைநிலைப்பள்ளியில் சேரும் வயதில் இன்னொரு முறையும் போடுகிறது. இந்திய அரசுத் திட்டத்தில் கடைசிக் கக்குவான் ஊசி 5 வயதில் போடப்படுகிறது. 10, 16 வயதுகளில் தருவது டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் மட்டுமே. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 10 முதல் 12 வயதுக்குள் கக்குவான் சேர்ந்த ஊசியைத் தனியாகப் பரிந்துரைக்கிறது. இலங்கை இந்த விஷயத்தில் மலேசியாவைப் போன்றது. அங்கும் 18ஆம் மாதத்துக்குப் பிறகு அரசுத் திட்டத்தில் கக்குவான் ஊசி இல்லை.

ஆகவே பினாங்கில் உள்ள குடும்பம் கக்குவான் சேர்ந்த ஊக்க ஊசியைப் பெற வேண்டுமானால், பெற்றோரே தேடிப் போய்த் தனியார் கிளினிக்கில் பணம் கட்டிப் போட வேண்டியிருக்கும். யாருக்கு அது உண்மையில் தேவை, எப்போது போட வேண்டும், அதனால் எவ்வளவு பயன் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

நோயின் போக்கு

கக்குவானுக்குக் காரணம் போர்டெட்டெல்லா பெர்டுசிஸ் என்னும் பாக்டீரியா. 1906இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜூல் போர்டே, ஆக்டேவ் ஜாங்கு இருவரும் இதைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார்கள். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்கள் இருக்கின்றன. கிருமி அவற்றில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. நுண்மயிர்கள் செயலிழந்ததும் சளியை வெளியேற்ற இருமலைத் தவிர உடலுக்கு வழியில்லை. சிதைந்த உட்சுவர் மீண்டும் வளர வாரங்கள் பிடிக்கும். கிருமி அழிந்த பிறகும் இருமல் விடாதிருப்பது அதனால்தான். சீனர்கள் இதை நூறு நாள் இருமல் என்கிறார்கள். மலாய்ப் பெயர் பாத்துக் கோக்கோல். அரசாங்கக் கிளினிக்கில் தாதி பெரும்பாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார், ஆகவே இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கிருமி தொற்றியபின் பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அறிகுறி தொடங்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் வெறும் சளிக்காய்ச்சல் போல இருக்கும்: மூக்கொழுகல், லேசான இருமல், சிறு காய்ச்சல். யாரும் சந்தேகப்படாத இந்த நாட்களில்தான் நோய் மிக வேகமாகப் பரவுகிறது. பிறகு இருமல் அடுக்கடுக்காக வரத் தொடங்கும். மூச்சு விட இடைவெளியின்றிப் பத்துப் பதினைந்து முறை இருமி, கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது சிறு பிள்ளைகளுக்கு 'ஹூப்' என்று ஓசை எழும். இரவில் இது அதிகமாகும்.

பதின்ம வயதினரிடம் இந்த ஓசை பெரும்பாலும் கேட்பதில்லை. சிறு வயது ஊசியின் மிச்சம் நோயை மட்டுப்படுத்தியிருக்கலாம், மூச்சுக்குழாயும் அகன்றுவிட்டிருக்கும். அதனால் பெற்றோரும் சில வேளை மருத்துவரும் கக்குவானை நினைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் இருமல், இருமி முடித்ததும் வாந்தி, இருமலால் தூக்கம் கலைவது, கண்ணின் வெள்ளையில் இரத்தச் சிவப்பு, விலாவில் வலி, இருமும்போது தலைசுற்றி விழுவது ஆகியவை இந்த வயதில் கவனிக்க வேண்டிய குறிகள். இருமல் வேகத்தில் விலா எலும்பு விரிசல் விட்டவர்களும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இரண்டு மாதம் தூங்காமல் இருமிக்கொண்டிருப்பது சிறிய துன்பமல்ல. உயிருக்கு ஆபத்தில்லாத வயது என்பதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது.

உண்மையான ஆபத்து கைக்குழந்தைகளுக்குத்தான். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை இருமாமலே இருக்கலாம். திடீரென்று மூச்சு நின்று, உதடு நீலம் பாரித்துப் போவதே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். கக்குவானால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை இந்த வயதில்தான் நிகழ்கின்றன. குழந்தையின் முதல் கக்குவான் ஊசி இரண்டாம் மாதத்தில்தான் வருகிறது. மூன்று தவணையும் முடிய ஐந்து மாதம் ஆகிவிடும். பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ நாற்பதாம் நாளோ, தொட்டில் போட்டுப் பெயர் சூட்டி உறவினர் எல்லாரும் குழந்தையைக் கைமாற்றிக் கொஞ்சும் நாட்கள் அனைத்தும், குழந்தைக்குக் கக்குவான் ஊசி எதுவும் போடாத காலத்தில் வருகின்றன. வந்த கூட்டத்தில் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருக்கும் அக்காவோ அண்ணனோ மாமா மகனோ ஒருவர் இருந்தாலே போதும்.

எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்களிடையே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 17 பேருக்குப் பரவக்கூடிய நோய் இது. ஒரே வீட்டில் பாதுகாப்பற்றவர்கள் இருந்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒட்டிவிடும். பினாங்கின் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாயா தெருபோங் பகுதிகளின் அடுக்குமாடிகளில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் இரண்டு அறைகளில் சேர்ந்து வாழ்கிறார்கள். பிள்ளைகள் பள்ளி வேனிலும், சன்னல் மூடிக் குளிரூட்டிய டியூஷன் வகுப்பிலும் பல மணி நேரம் கழிக்கிறார்கள். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் தேவையில்லை.

இருமும் பிள்ளை முகக்கவசம் அணிவது ஒரு எளிய உதவி. 1879இல் பினாங்கில் பிறந்து பினாங்கு ஃப்ரீ பள்ளியில் படித்த மருத்துவர் வூ லியென் தே, 1910–11இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் பிளேக்கைக் கட்டுப்படுத்தப் பஞ்சும் துணியும் சேர்ந்த முகக்கவசத்தைப் பரவலாக அணியச் செய்தார். மூச்சு வழி பரவும் நோய்க்கு இந்தத் தீவு உலகுக்கு அளித்த பாடம் அது. பினாங்கின் வகுப்பறைகளிலும் அதைப் பின்பற்றலாம்.

ஊசியின் பலம் ஏன் குறைகிறது

முதல் கக்குவான் தடுப்பூசிகள் கொல்லப்பட்ட முழுக் கிருமியைக் கொண்டு செய்யப்பட்டவை. 1930களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பெர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், பகல் வேலை முடிந்தபின் நோயாளிகளின் வீடுகளுக்கு விளக்குடன் சென்று இருமல் மாதிரிகளைச் சேகரித்து, நம்பகமான ஊசியை உருவாக்கினார்கள். தொண்டை அடைப்பான், டெட்டனஸ் மருந்துகளோடு சேர்ந்த முக்கூட்டு ஊசியாக அது உலகெங்கும் பரவியது. மலேசியாவில் அது 1958 முதல் போடப்பட்டது.

முழுக்கிருமி ஊசி நன்றாக வேலை செய்தது, ஆனால் காய்ச்சலும் வீக்கமும் வலியும் அதிகம். 1970களில் அது மூளையைப் பாதிக்கிறது என்ற அச்சம் பரவியபோது பிரிட்டனில் ஊசி போடுவோர் விகிதம் ஏறத்தாழ 80 சதவீதத்திலிருந்து 30 சதவீத அளவுக்கு விழுந்தது. அதைத் தொடர்ந்து பெரிய கொள்ளைநோய்கள் வந்தன. ஜப்பான் 1975இல் சிறிது காலம் ஊசியை நிறுத்தியது. 1979இல் அங்கே 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் வந்து 41 பேர் இறந்தார்கள். ஜப்பானில்தான் யூஜி சாட்டோ, முழுக் கிருமிக்குப் பதிலாக அதன் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்த ஊசியை உருவாக்கினார். 1981இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. காய்ச்சலும் வீக்கமும் வெகுவாகக் குறைந்தன. மலேசியா 2008இல் ஐந்து நோய் ஊசியோடு இந்தப் புரத வகைக்கு மாறியது. இன்று இடைநிலைப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் புரத வகை ஊசியை மட்டுமே போட்டுக்கொண்டவர்கள்.

புரத ஊசிக்கு ஒரு குறை உண்டு, அது விரைவில் பலம் இழக்கிறது. 2010இல் கலிபோர்னியாவில் 9 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கக்குவான் வந்து, கைக்குழந்தைகள் 10 பேர் இறந்தபோது, முறையாக எல்லாத் தவணையும் போட்ட 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடையேயும் நோய் மிகுந்திருந்தது. பபூன் குரங்குகளில் செய்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. புரத ஊசி போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை, ஆனால் கிருமி தொண்டையில் தங்கி மற்றக் குரங்குகளுக்கும் பரவியது.

பதின்ம வயதினருக்கான ஊசியை மருத்துவர்கள் டிடாப் என்கிறார்கள். பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் ஆகியவை அதன் வணிகப் பெயர்கள். கைக்குழந்தை ஊசியில் உள்ள தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான் மருந்துகள் மூன்றும் இதில் உள்ளன, அளவு மட்டும் குறைவு. பூஸ்ட்ரிக்ஸில் தொண்டை அடைப்பான் மருந்து அதே நிறுவனத்தின் குழந்தை ஊசியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு, கக்குவான் புரதங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. வளர்ந்த பிள்ளைக்குக் குழந்தை ஊசியைப் போட்டால் கை கடுமையாக வீங்கக்கூடும் என்பதால் இப்படிக் குறைத்திருக்கிறார்கள்.

இதன் பயனை மிகைப்படுத்தக் கூடாது. அமெரிக்க ஆய்வுகளின்படி போட்ட முதல் ஆண்டில் டிடாப் ஏறத்தாழ 70 சதவீதப் பாதுகாப்பு தருகிறது. நான்காம் ஆண்டுக்குள் அது பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிடுகிறது, ஒரு ஆய்வில் பத்து சதவீதத்துக்கும் குறைந்தது. போட்ட பிறகும் நோய் வரலாம், ஆனால் பொதுவாகத் தீவிரம் குறைவாக இருக்கும். ஊசி பிள்ளையின் இரண்டு மூன்று ஆண்டுகளைக் காக்கிறது, வாழ்நாளைக் காப்பதில்லை. எனவே எந்த ஆண்டில் போடுகிறோம் என்பது முக்கியம்.

முதலில் யாருக்கு

வீட்டில் ஒருவருக்கு மட்டும் போடப் பணம் இருந்து, அங்கே ஒரு கர்ப்பிணியும் ஒரு பதின்ம வயதுப் பிள்ளையும் இருந்தால், ஊசி கர்ப்பிணிக்கே போக வேண்டும். இதில் ஐயத்துக்கு இடமில்லை. கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்கின்றன. பிரிட்டன் 2012இல் இத்திட்டத்தைத் தொடங்கியபின் செய்த ஆய்வில், மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது 90 சதவீத அளவில் பாதுகாப்பு தந்தது தெரிந்தது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இதைத் திரும்பப் போட வேண்டும். மலேசியாவின் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடப்பட்டு வந்தது டெட்டனஸ் ஊசி. அதில் கக்குவான் மருந்து இல்லை. எந்த ஊசி என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கைக்குழந்தையைக் காப்பாற்றப் பதின்ம வயதினருக்கு ஊசி போடுவதை உலகச் சுகாதார நிறுவனமும் முதன்மை வழியாகப் பரிந்துரைக்கவில்லை. அண்ணனுக்கும் அக்காவுக்கும் போடுவது தாய்க்குப் போடுவதற்குப் பதிலாகாது. தாய்க்குப் போட்டபின் கூடுதலாகச் செய்யலாம், அதுவும் பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாக.

கர்ப்பிணி இல்லாத வீட்டில், 11 முதல் 13 வயது பொருத்தமான காலம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள், விடுதியுள்ள பள்ளிக்குப் போகப் போகிறவர்கள், வெளிநாட்டில் படிக்கச் செல்பவர்கள் இதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இடைநிலைப்பள்ளியில் சேரவே டிடாப் சான்று கேட்கிறார்கள். சிறு வயதில் எந்த ஊசியும் போடாத பிள்ளைக்கு ஒரு டிடாப் மட்டும் போதாது. டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஊசியோடு சேர்த்து மொத்தம் மூன்று தவணை வேண்டும். 2016இல் மலேசியாவில் தொண்டை அடைப்பான் மீண்டும் தலைதூக்கிக் குழந்தைகள் இறந்ததை நினைவில் கொண்டால், இந்தப் பிள்ளைகளை முதலில் கவனிக்க வேண்டும் என்பது புரியும்.

ஜார்ஜ்டவுனில் ஊசி போடுவது

முதலில் பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டையில் கொடுத்த அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு தவணையின் தேதியும் இருக்கும். புத்தகம் தொலைந்திருந்தால் ஊசி போட்ட கிளினிக்கிலோ, ஊசி போடப்பட்ட பள்ளியிலோ விசாரிக்கலாம்.

குழந்தை மருத்துவரின் கிளினிக்கிலும் தனியார் மருத்துவமனையிலும் டிடாப் கிடைக்கும். பல சிறிய கிளினிக்குகள் இதை இருப்பில் வைப்பதில்லை, முன்னதாகச் சொன்னால் வரவழைப்பார்கள். தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம். ஊசி கையிருப்பில் உள்ளதா? சொல்லும் விலையில் மருத்துவர் கட்டணமும் சேர்ந்ததா? அதில் கக்குவான் மருந்து உண்டா? மூன்றாவது கேள்வி மிக முக்கியம், ஏனென்றால் டெட்டனஸ், தொண்டை அடைப்பான் மட்டும் உள்ள ஊசியும் பதின்ம வயதினருக்குப் போடப்படுகிறது. மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும், உறைந்தால் கெட்டுவிடும். ஆகவே மருந்தை வாங்கி வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மேற்கையின் தசையில் அரை மில்லிலிட்டர் போடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு 13 வயதில் வரும் எச்.பி.வி. ஊசியை அதே நாளில் மறு கையில் போடலாம். அண்மையில் டெட்டனஸ் ஊசி போட்டிருந்தாலும் டிடாப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, கை வலி சற்றுக் கூடலாம் அவ்வளவே. டிடாப்பிலேயே டெட்டனஸ் மருந்து இருப்பதால், மூன்றாம் படிவத்துக்குச் சற்று முன் அதைப் போட்டிருந்தால் சான்றைப் பள்ளிச் சுகாதாரக் குழுவிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி மீண்டும் தேவையா என்று கேட்கலாம்.

ஊசி போட்ட இடத்தில் வலி பெரும்பாலோருக்கு வரும். தலைவலி, அசதி, லேசான காய்ச்சல் சிலருக்கு. எல்லாம் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இந்த வயதினர் எந்த ஊசிக்கும் மயங்கி விழக்கூடியவர்கள். உட்கார வைத்துப் போட்டு, பின் 15 நிமிடம் அங்கேயே இருத்த வேண்டும். வெறும் வயிற்றில் அழைத்துப் போகாமல் இருப்பதும் உதவும். முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கும், கக்குவான் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் வேறு காரணமின்றி மூளை பாதிப்பு வந்தவர்களுக்கும் இதைப் போடக் கூடாது. கட்டுப்படாத வலிப்பு நோய் உள்ளவர்களும், டெட்டனஸ் ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் கியான் பாரே நோய் வந்தவர்களும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். முட்டை ஒவ்வாமையும் சாதாரணச் சளியும் தடையல்ல.

இருமல் வந்துவிட்டால்

இரண்டு வாரம் தாண்டிய இருமலைப் புகைமூட்டத்தின் மேலோ ஆஸ்துமாவின் மேலோ போட்டுவிட்டு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. காசநோய்க்கும் இதே கால அளவுதான் எச்சரிக்கை, ஆகவே இரண்டுக்குமாகச் சேர்த்தே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கக்குவானுக்கு மூக்கின் உட்பகுதியிலிருந்து எடுக்கும் மாதிரியில் பி.சி.ஆர். சோதனை செய்வார்கள். இருமல் தொடங்கி மூன்று வாரத்துக்குள் எடுத்தால் முடிவு நம்பகமானது. அசித்ரோமைசின் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். ஆரம்பத்திலேயே கொடுத்தால் நோய் சற்றுக் குறையும். தாமதமாகக் கொடுத்தால் இருமல் குறையாது, ஆனால் மற்றவருக்குப் பரவுவது நிற்கும். மருந்து தொடங்கி ஐந்து நாள் வரை பிள்ளை பள்ளிக்குப் போகக் கூடாது. மருந்து எடுக்காவிட்டால் மூன்று வாரம் பரவும்.

கற்பூரவல்லிச் சாறும் துளசியும் தேனும் பெரிய பிள்ளையின் தொண்டைக்கு இதமளிக்கலாம், கிருமியை அவை கொல்வதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

கக்குவான் மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்ததும் அதிகாரிகள் வீட்டாரைத் தொடர்புகொள்வார்கள். அது தண்டனைக்காக அல்ல, தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிவதற்காக. வீட்டில் கைக்குழந்தையோ கடைசி மாதங்களில் உள்ள கர்ப்பிணியோ இருந்தால், இருமல் இல்லாதவர்கள் உட்பட வீட்டார் அனைவருக்கும் தடுப்பு மருந்தாக அதே அசித்ரோமைசின் தரப்படலாம். நோயாளிக்கு இருமல் தொடங்கி 21 நாளுக்குள் இதைத் தொடங்க வேண்டும். கைக்குழந்தைக்கு மூச்சுத் தடைபட்டாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலமானாலோ, கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டும், அல்லது நேரே பினாங்கு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். கக்குவான் வந்து குணமான பிள்ளைக்கும் எதிர்ப்புச் சக்தி நிலைக்காது. எனவே உடல் தேறியபின் ஊக்க ஊசியை உரிய வயதில் போட்டுக்கொள்ளலாம்.